கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் ஒரு நாகம் செத்தது!

பிணம் ஹோலின் நடுவில் கிடந்தது.

மல்லாக்கக் கிடந்தது. வாய் பிளந்திருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. உதட்டோரம் ஒரு துளி இரத்தம்!

கிட்டப் போக யாருக்கும் துணிவில்லை. புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனம் முழுவதும் ட்ரைவ்வேயில் நின்றது. பட்டுச்சேலைகள், வேட்டிகள், பூச்சரங்கள்... எல்லாம் வெறுங்காலோடு. ஓடிய வேகத்தில் சப்பாத்தைத் தேட யாருக்கு நேரம்? ஐயர் அடுத்த வீட்டுக்காரரின் பிக்கப் ட்ரக்கில் ஏறி நின்றுகொண்டு, இறங்குவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிடெக்டிவ் நிரூபா வாசலில் நின்று பிணத்தைப் பார்த்தாள்.

"செத்தவருக்குக் கை இல்லை," என்றாள்.

"காலும் இல்லை," என்றான் அவளுடைய கூட்டாளி மரியோ. அவன் அவளுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி நின்றான்.

இரண்டரை அடி நீளம். மண்ணிற உடம்பில் கருந்திட்டுகள்.

பாம்பு!

நிரூபா ஸ்காபரோவில் வளர்ந்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாம்பு வீடியோ பார்ப்பவள். மரியோ அந்த ஒரு காரணத்துக்காகவே தனியாகச் சாப்பிடுபவன். தாய் தகப்பன் இத்தாலியில் இருந்து வந்தவர்கள் என்றாலும், தமிழ்ப் பெடியங்களோடு படித்ததால் அவனுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். பாம்புதான் விளங்காது.

ஆனால் பொலிஸ் வந்தது பாம்புக்காக இல்லை. தாலிக்கொடிக்காக!

வீட்டுக்காரி யோகராணி நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

அவருக்கு ஒரே மகன், மிதுனன். வருகிற கிழமை அவனுக்குக் கலியாணம். அதற்கு முன் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூர வேண்டும் என்பது தாயின் ஆசை. தாலிக்கொடியையும் சாமியறையில் லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூசை செய்தாயிற்று. பெண் தனுசியா. அஜக்ஸில் இருக்கிறாள், பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை. தாய் தகப்பனுக்கு ஊர் மட்டக்களப்பு. வரப்போகிற மருமகள்தானே என்று யோகராணி அவளைக் கூப்பிட்டு, சாமியறையிலிருந்து குங்குமத்தை எடுத்து வரச்சொன்னார்.

அவள் போனாள்.

வீல் என்று ஓர் அலறல்!

லட்சுமி படத்து மேசைக்குக் கீழிருந்து அது வந்தது. கழுத்தை அகல விரித்தது. உஸ்ஸ்ஸ் என்று சீறியது. நாகம்... நாகம்... என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் வீடு காலி.

யோகராணி மட்டும் ஓடவில்லை. சாப்பாட்டு மேசையில் ஏறி நின்று, கைகூப்பி, நாகதம்பிரானே காப்பாற்று என்று கும்பிட்டார். வந்த தெய்வத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் விடலாமா என்று, செம்பில் இருந்த பாலை மேசையிலிருந்தபடியே சரித்து ஊற்றினார். பால் நேரே நாகத்தின் தலையில் விழுந்தது.

நாகம் துடித்தது. புரண்டது. மல்லாந்தது.

செத்துப்போனது!

அதைப் பார்த்து அழுதபடி சாமியறைக்குள் போனால், தாலிக்கொடியும் இல்லை.

"சாமியறைக்குள்ளை தனிய நிண்டது உவள் ஒருத்திதான்," என்றார் யோகராணி, தனுசியாவின் பக்கம் விரலை நீட்டி. "நாகதம்பிரான் கொடிக்குக் காவலாய் வந்தவர். உவளின்ரை கை பட்டதும் உயிரை விட்டிட்டார். இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும் பிள்ளை?"

தனுசியா புல்லில் நின்றாள். அவளுடைய கைப்பையை ஏற்கனவே யாரோ தலைகீழாகக் கொட்டியிருந்தார்கள். சீப்பு, கார்த் திறப்பு, பாதி தின்ற சொக்லேற், எல்லாம் காலடியில் கிடந்தன. அவளுடைய அம்மா பரிமளம் வா மகள் போவம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அவள் அசையவில்லை.

"நான் போகமாட்டன்மா," என்றாள். "இப்ப போனா கள்ளி எண்ட பேரோடதான் போகோணும். கொடி எங்க எண்டு தெரிஞ்ச பிறகுதான் போவன்."

 கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. நிரூபாவுக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

அவள் சொன்னதும் சரிதான். கலியாணக் காட் ஊரெல்லாம் போய்விட்டது. நாகம் செத்த செய்தி வட்ஸ்அப்பில் ஸ்காபரோவைத் தாண்டி லண்டன், சுவிஸ் என்று போய்க்கொண்டிருந்தது. பின்னேரத்துக்குள் தாலிக்கொடியைத் திருடியவள் யார் என்பதும் அதே வழியில் போய்விடும். பிறகு தனுசியா ஆயுள் முழுவதும் சத்தியம் செய்தாலும் யார் கேட்பார்கள்?

பெண் பொலிஸ் ஒருத்தி தனுசியாவைத் தனியாக அழைத்துப்போய்ச் சோதித்தாள். ஒன்றும் இல்லை. மற்றவர்களையும் சோதித்தார்கள். அங்கும் இல்லை. உவள் யாரிடமோ கைமாற்றிவிட்டாள் என்றார் யோகராணி.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்தான்.

மிதுனன்! பட்டுவேட்டி, கழுத்தில் சங்கிலி, முகத்தில் வேர்வை. கையில் ஒரு வெள்ளை வேட்டி. நேரே ஹோலுக்குள் போனான். குனிந்தான். வெறுங்கையால்... ஆமாம், வெறுங்கையால்... பாம்பைத் தூக்கி வேட்டியில் சுற்றினான்!

சனம் இரண்டடி பின்னால் போனது.

செத்த நாகத்தைக் குப்பையில் எறியக்கூடாது, நெய் ஊற்றி எரிக்க வேண்டும், ராகுகாலத்துக்கு முன் முடிக்க வேண்டும், தானே காட்டுப்பக்கம் கொண்டுபோகிறேன் என்று படபடவென்று சொன்னான். தாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியளே என்ரை பிள்ளையை! குளியலறையிலை சிலந்தி நிண்டால் என்னைக் கூப்பிடுறவன். இண்டைக்குத் தாயின்ரை பாவத்தைக் கழுவ நாகத்தையே கையாலை தூக்கிப்போட்டான்."

நிரூபா மிதுனனைப் பார்த்தாள். வேட்டி மூட்டையைப் பார்த்தாள்.

சிலந்திக்குத் தாயைக் கூப்பிடுகிறவனா?

"ஒரு நிமிசம் தம்பி," என்றாள். "செத்தவரோடை எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

மிதுனனின் வேர்வை இரட்டிப்பானது.

ஓடுகிற ஓட்டத்திலும் வீடியோ எடுத்த ஒருவர் எங்கள் சனத்தில் கட்டாயம் இருப்பார். இருந்தார். நிரூபா அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அன்ரி, ஊரிலை நாகத்தை நேரிலை பாத்திருக்கிறியளோ?"

"கோயில் சுவரிலை பாத்திருக்கிறன். வேலிக்குள்ளை ஒருக்கால் வாலைப் பாத்தனான்."

"நாகம் எழும்பி நிண்டுதான் படமெடுக்கும். நெஞ்சு நிலத்தை விட்டு மேலை வரும். உது படுத்துக்கொண்டே படமெடுக்குது, பாருங்கோ."

"சோம்பேறி நாகமா இருக்கும்," என்றான் மரியோ.

"கனடாவிலை காட்டிலை நாகமே இல்லை அன்ரி."

யோகராணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கனடாவிலை நாங்களும்தான் இருக்கேல்லை. வரேல்லையே?"

 நிரூபா கையுறையை மாட்டிக்கொண்டு வேட்டியை அவிழ்த்தாள். குப்பென்று ஒரு நாற்றம்! மரியோ மூக்கைப் பொத்திக்கொண்டான். அவளோ பாம்பின் மூக்கைத்தான் பார்த்தாள். நுனி மண்வெட்டி மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது.

பாம்பைப் பிடித்து மெதுவாகக் குப்புறப் போட்டாள்.

பிணம் புரண்டு மல்லாந்தது!

ட்ரைவ்வேயில் ஓர் ஓலம். ட்ரக்கிலிருந்து அப்போதுதான் ஒரு காலைக் கீழே வைத்த ஐயர், அதைத் திரும்ப மேலே வைத்தார்.

நிரூபா மறுபடி குப்புறப் போட்டாள். பிணம் மறுபடி மல்லாந்தது. வாயை இன்னும் கொஞ்சம் பிளந்து, நாக்கை இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டது. மூன்றாம் முறை போட்டாள். அதற்குள் பிணத்துக்கே அலுத்துவிட்டது போல. ஆனாலும் கடமை தவறாமல் புரண்டது.

"உண்மையாய்ச் செத்தவை இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேல்லை," என்றாள் நிரூபா.

பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இதன் பெயர் ஹொக்நோஸ். பன்றிமூக்குப் பாம்பு. ஒன்ராறியோவில் மணல் பாங்கான இடங்களில் இருப்பது. பயந்தால் முதலில் கழுத்தைத் தட்டையாக்கி நாகம் மாதிரி மிரட்டும். மிரட்டல் எடுபடாவிட்டால் நாற்றம் விட்டு, வாயில் இரத்தமும் காட்டி, செத்த மாதிரி நடிக்கும். மனிதரைக் கடிப்பதே அபூர்வம். இதன் நடிப்பில் ஒரேயொரு பிழை. செத்த பாம்பு மல்லாக்கத்தான் கிடக்க வேண்டும் என்று இது உறுதியாக நம்புகிறது. புரட்டிப்போட்டால் பொறுக்காது.

யோகராணிக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. பிணத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று விளங்கியதும் அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு அன்ரிமாரும் விழுந்தார்கள்.

நிரூபா வேட்டியை உதறினாள். இன்னொரு முறை உதறினாள்.

கொடி இல்லை!

அவள் எதிர்பார்த்தது அதைத்தான். செத்த நாகத்தின் பாடையை யார் சோதிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, திருடன் தங்கத்தை அதற்குள்ளேயே வைத்திருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு பிழைத்துவிட்டது. கும்பிட்டு எழும்பிய யோகராணியின் குரலில் முன்பைவிட வேகம் இருந்தது. பாம்பு எந்தப் பாம்பாக இருந்தால் என்ன, கொடி எங்கே, அதை அவளிடம் கேளுங்கள் என்றார். கூட்டத்தில் சிலர் ஓம் ஓம் என்றார்கள். தனுசியா கண்ணை மூடித் திறந்தாள்.

மிதுனன் வேர்வையைத் துடைத்தான்.

நிரூபா போனை எடுத்தாள். காட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருக்க முடியாது. ஊர்வன உதவி லைன் ஒன்று அவளுடைய போனில் இருந்தது. அங்கே பேசிய பெண், அவர்களுடைய ஆள் ஒருவர் பக்கத்து மார்க்கம் நகரில் நிற்பதாகவும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார் என்றும் சொன்னாள்.

"ஆரைக் கூப்பிடுறியள்?"

பாம்புக்கு உயிர் வந்த பிறகு முதல் தடவையாக மிதுனன் வாயைத் திறந்தான். குரல் கீச்சென்று வந்தது.

"பாம்பு தெரிஞ்ச ஆளை."

"வேண்டாம்... என்னத்துக்கு... நானே காட்டிலை விட்டிட்டு வாறன். கராஜிலை பெட்டி ஒண்டு கிடக்கு, எடுத்துக்கொண்டு..."

"நீங்கள் நில்லுங்கோ தம்பி. மரியோ எடுப்பான்."

மரியோ நிம்மதியாகக் கராஜுக்குப் போனான். பாம்பு இல்லாத இடம் என்றால் அவன் எங்கும் போவான்.

அடுத்த நொடி...

"நிரூபாஆஆ!"

ஓடினார்கள். மரியோ, நிறுத்தியிருந்த காரின் பொனற்றில் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டையும் நெஞ்சோடு கட்டியிருந்தான். மூலையில் தோட்டக் குப்பை போடும் மண்ணிறக் கடதாசிப் பை ஒன்று. வாய் மடித்திருந்தது. உள்ளிருந்து...

கிர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

"ரட்டில்ஸ்னேக்!" என்றான் மரியோ.

"ரட்டில்ஸ்னேக்!" என்று அவனைவிடப் பெரிதாகக் கத்தினான் மிதுனன். பைக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்தான். "ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ! விஷம்! கடிச்சால் ஆள் முடிஞ்சுது! எல்லாரும் ரோட்டுக்குப் போங்கோ!"

சனம் ரோட்டுக்குப் போனது. ஐயர் இந்த முறை ட்ரக்கின் கூரையிலேயே ஏறிவிட்டார்.

நிரூபா மட்டும் போகவில்லை. விளக்குமாறு ஒன்றை எடுத்தாள். மிதுனனைத் தோளில் பிடித்து ஓரமாக்கினாள். பையின் வாயை விளக்குமாற்றுக் காம்பால் விலக்கி உள்ளே டோர்ச் அடித்தாள். உள்ளே காய்ந்த சருகு. சருகின் மேல் சாம்பல் நிறப் பாம்பு. முதுகில் செம்மண் நிறத் திட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கரை.

"நிரூபா, வேண்டாம்," என்றான் மரியோ. "எனக்கு வேற பார்ட்னர் தேட ஏலாது."

அவள் பாம்பைக் காம்பில் ஏந்தி, மெதுவாகக் கராஜின் சீமெந்துத் தரையில் விட்டாள்.

சத்தம் நின்றது!

பாம்பு வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. வேகமாக ஆட்டியது. ஆனால் வழுவழுப்பான தரையில் ஒரு சத்தமும் வரவில்லை.

"ரட்டில்ஸ்னேக் எண்டால் வால் நுனியிலை கிலுக்கு இருக்கும். எங்கை விட்டாலும் சத்தம் கேக்கும்," என்றாள் நிரூபா. "உதுக்கு வால் ஊசி மாதிரிக் கூர். சருகிலை வாலை அடிச்சுத்தான் சத்தம் போட்டது. கண்ணைப் பார். மணி வட்டமாய் இருக்கு. ரட்டில்ஸ்னேக்குக்குப் பூனைக்கண். பிடரியிலை பார், இங்கிலிஷ் வை எழுத்து மாதிரி ஒரு அடையாளம். உது மில்க் ஸ்னேக்."

"பால் பாம்பா?" வாசலில் எட்டிப் பார்த்த யோகராணியின் கண் விரிந்தது. "நான் பாலை மாறி ஊத்திப்போட்டனோ?"

"உதுவும் பால் குடிக்காது அன்ரி. எலி தின்னும்."

மரியோ பொனற்றில் இருந்து ஒரு காலை மட்டும் இறக்கினான். நிரூபா அவனைக் கவனிக்கவில்லை. கராஜ் கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புது வீடுகள். வீட்டுக்கு ஒன்றாக நகரசபை நட்ட மரக்கன்றுகள். குடைக்கம்பி அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும்.

"இந்தத் தெருவிலை உள்ள மரம் எல்லாத்தையும் உலுப்பினாலும் ஒரு சுளகு இலை வராது," என்றாள் மெதுவாக. "ஆனால் இஞ்சை ஒரு பை நிறைய ஓக் சருகு. ஆர் கொண்டுவந்தது?"

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

சருகு கொட்டியது. சருகோடு சருகாக, சிவப்பு வெல்வெற் பெட்டி ஒன்று உருண்டு வந்து யோகராணியின் காலடியில் நின்றது.

தாலிக்கொடி!

தனுசியா கராஜ் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் யோகராணி விடுகிற ஆளில்லை. இவள்தான் பாம்புப் பைக்குள் ஒளித்திருப்பாள் என்று தொடங்கினார். இந்தப் பை எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று நிரூபா கேட்டாள்.

"உது நேற்றுப் பின்னேரமே இருக்குது. மிதுனன் காம்பிங் போட்டு வரேக்கை கொண்டுவந்து..."

யோகராணி நிறுத்தினார்.

மகனைப் பார்த்தார். தாலிக்கொடியைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார்.

 மில்க் ஸ்னேக் கூட வாலை நிறுத்திவிட்டது.

"தம்பி," என்றாள் நிரூபா. "சிலந்திக்குப் பயப்பிடுற ஆள் வெறுங்கையாலை நாகத்தைத் தூக்கினீங்கள். ஏனெண்டால் அது நாகமில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். அவ்வளவு பாம்பு தெரிஞ்ச ஆள், மில்க் ஸ்னேக்கை ரட்டில்ஸ்னேக் எண்டு கத்திச் சனத்தைக் கலைச்சீங்கள். ஏன்?"

மிதுனன் வாயைத் திறந்தான்.  தங்கம் தங்கள் வீட்டுத் தங்கம், சருகு எப்படி வந்தது என்று தெரியாது, பாம்பைப் பற்றி யூடியூப்பில் பார்த்தேன், அவ்வளவுதான் என்று முணுமுணுத்தான். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் நம்பும்படி ஏதாவது சொல்லியும் இருப்பான்.

அந்த நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

வாசலில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவள் இளம் தமிழ்ப் பெண். சேறு படிந்த சப்பாத்து, குட்டைத் தலைமயிர், கையில் ஸ்கானர். பெயர் நடாஷா என்றாள். ஜோர்ஜியன் பே பக்கம் பாம்பு ஆராய்ச்சி செய்கிறாளாம். எல்லோரும் கைகாட்டிய திசையில் நேரே ஹோலுக்குள் போனாள். இன்னும் செத்துக்கொண்டிருந்த பன்றிமூக்கைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்கானரை அதன் முதுகில் வைத்தாள்.

பீப்!

"ஓ மை கோட்... மங்கையற்கரசி!"

எல்லோரும் முழித்தார்கள்.

"இது என்ர ஸ்ரடியில இருக்கிற பாம்பு. உள்ளுக்கு சிப் வச்சிருக்கிறம். எல்லாப் பாம்புக்கும் அன்ரிமாற்ற பேர்தான் வச்சனான். நேற்று முழுக்க இவளைத் தேடி அழுதனான்! ஸ்ரௌவ்வில்லுக்கு எப்பிடி வந்தவள்? ஹூ வுட் டூ..."

அவளுடைய பார்வை கராஜ் பக்கம் திரும்பியது.

"மிதுன்?"

மிதுனன் காருக்குப் பின்னால் குனிந்திருந்தான். போதிய அளவு குனியவில்லை.

"நீ ஒட்டாவால ட்ரெயினிங் எண்டு சொன்னியே!"

"இவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் நிரூபா. பதில் அவளுக்கு ஏற்கனவே விளங்கிவிட்டது.

"தெரியுமோவா? ஹீ இஸ் மை போய்ஃப்ரெண்ட்!"

"அப்படியா?" என்றாள் தனுசியா. மிக மரியாதையாகத்தான் சொன்னாள். "எனக்கு அவர் மாப்பிள்ளை. வாற கிழமை."

தெருவில் நின்ற சனம் ஒருவரும் சொல்லாமல் தானாகவே கராஜுக்கு நெருங்கி வந்தது. பாம்புப் பயம் எல்லோருக்கும் எங்கோ போய்விட்டது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மிதுனன் எல்லாவற்றையும் கக்கினான். நடாஷாவைக் காதலிக்கிறான். ஆனால் அம்மாவுக்குப் பாம்பு என்ற சொல்லே ஆகாது. பாம்பு பிடிக்கிற பெண்ணை எப்படி வீட்டுக்குக் கூட்டி வருவது? சொல்லப் பயந்தான். அம்மா பெண் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவும் பயந்தான். கோடையில் நடாஷாவோடு காட்டில் திரிந்தபோதுதான் யோசனை வந்தது. குடிபூரல் அன்று நாகம் வந்து செத்து, தாலிக்கொடியும் காணாமல் போனால், சகுனம் சரியில்லை என்று அம்மாவே கலியாணத்தை நிறுத்திவிடுவார் அல்லவா? பூசை முடிந்ததும் கதிரை எடுக்கப் போகிறேன் என்று கராஜுக்குப் போகும் சாட்டில் கொடியை எடுத்தான். கராஜ் பெட்டியில் இருந்த பன்றிமூக்கைக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே விட்டான். மில்க் ஸ்னேக் தங்கத்துக்குக் காவல். தனுசியாவை அந்த நேரம் பார்த்து அம்மா குங்குமத்துக்கு அனுப்புவார் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை.

"வேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் ஓம் எண்டிருப்பன்," என்றாள் தனுசியா. "எனக்குக் கோவம் அதில்ல. உங்கட அம்மா என்னைக் கள்ளி எண்டு சொல்லக்குள்ள, என்ட பையைப் புல்லில கொட்டக்குள்ள, நீங்க கூட்டத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தீங்க. அதுதான்."

இப்போதுதான் அவளுடைய கண் கலங்கியது. பரிமளம் மகளை அணைத்துக்கொண்டார்.

மிதுனன் நடாஷாவின் பக்கம் திரும்பினான். நடாஷா மங்கையற்கரசியைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இவள் பயந்தா மிஞ்சிப் போனா ஒரு மணித்தியாலம் நடிப்பாள். ஆபத்துப் போனவுடன எழும்பித் தன்ர வேலையைப் பாப்பாள்," என்றாள். "நீ மாசக்கணக்கா நடிச்சிருக்கிறாய் மிதுன். வீ ஆர் டன். பாம்பைத் திருடினதுக்கு ரிப்போர்ட் நான்தான் எழுதுவன். ஸ்பெல்லிங் பிழை இல்லாமல் எழுதுவன்."

மில்க் ஸ்னேக்கையும் எடுத்துக்கொண்டு வானை நோக்கி நடந்தாள்.

  யோகராணி முதலில் தனுசியாவிடம் போனார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"எல்லாற்றை முன்னாலையும் உன்னைக் கள்ளி எண்டனான் பிள்ளை. எல்லாற்றை முன்னாலையும் மன்னிப்புக் கேக்கிறன். என்ரை கண்ணுக்கு ஒண்டுமே சரியாய்த் தெரியேல்லை."

பிறகு வெளியே போய்க் குனிந்து, புல்லில் கிடந்த சீப்பு, திறப்பு, சொக்லேற் எல்லாவற்றையும் தன் கையாலேயே பொறுக்கிப் பைக்குள் போட்டார். தாலிக்கொடிப் பெட்டியையும் தனுசியாவின் கையில் வைத்தார். இவனைத் திருத்தித் தருகிறேன், கலியாணத்தை மட்டும் நிறுத்தாதே என்று கெஞ்சினார்.

தனுசியா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். யோகராணியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கொடி கிடைச்சுட்டு. என்ட பேரும் கிடைச்சுட்டு. மாப்பிள்ளையை நீங்களே வச்சிருங்க மாமி."

தெருவில் யாரோ கைதட்டினார்கள். ட்ரக்கின் மேலிருந்து ஐயராக இருக்கலாம்.

தாயும் பெண்ணும் காரில் ஏறிப் போனார்கள். யோகராணி அந்தக் கார் திரும்பும்வரை பார்த்து நின்றார். பிறகு மெதுவாக மகனின் பக்கம் திரும்பினார்.

"மூண்டு வருஷமாய்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "மூண்டு வருஷமாய் 'ஆரையேன் விரும்புறியோ மோனை, சொல்லு, செய்துவைக்கிறன்' எண்டு உன்னைக் கேட்டு என்ரை வாய் நொந்துபோச்சு. இல்லை இல்லை எண்டாய். பிறகுதானே பொம்பிளை தேடினனான்! நாகதம்பிரானைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போறாள் அந்தப் பிள்ளை. அப்பிடி ஒருத்தி மருமகளாய் வர நான் எத்தினை கோயிலிலை நேந்திருப்பன்! வேண்டாம் எண்டிருப்பனோடா?"

மிதுனனின் முகத்தில் இருந்த கடைசி இரத்தமும் வடிந்தது. ஒரு பெண் அஜக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மார்க்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரேயொரு 'ஓம்' சொல்லியிருந்தால் இந்த நேரம் வடை தின்றுகொண்டிருக்கலாம்!

நிரூபா நோட்டுப் புத்தகத்தை மூடினாள். கொடி வீட்டுக்காரரின் கொடி, வீட்டை விட்டு வெளியே போகவும் இல்லை. அதில் பெரிதாக வழக்கு இல்லை. பாதுகாக்கப்பட்ட பாம்பைக் காட்டிலிருந்து பிடித்து வந்ததற்கு அதற்கென்று இருக்கிறவர்கள் வருவார்கள், தண்டம் கட்ட வேண்டியிருக்கும். மரியோவுக்குக் கண்காட்டிவிட்டு நடந்தாள்.

"டிடெக்டிவ்!"

மிதுனன் ஓடி வந்து பொலிஸ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ... பிளீஸ்! அரெஸ்ட் பண்ணுங்கோ. விலங்கு போடுங்கோ. எத்தினை நாள் எண்டாலும் உள்ளுக்கு இருக்கிறன்!"

அவனுக்குப் பின்னால் யோகராணி வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாமல். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு.

நிரூபா கண்ணாடியை இறக்கினாள். மகனைத் தாண்டித் தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்ரி! நீங்கள் ஆறுதலாய்க் கதைச்சு முடியுங்கோ. பிறகு உவரிலை ஏதும் மிஞ்சிக் கிடந்தால்... ஒரு போன் கோல் அடியுங்கோ, வந்து அள்ளிக்கொண்டு போறம்!"